செயற்கை இதய வால்வின் பொருத்துநிலை

செயற்கை இதய வால்வின் பொருத்துநிலை என்பது, பழுதுற்ற இதய வால்வுக்கு மாற்றாக வைக்கப்படும் வால்வு இதயத்தின் எந்த வாயிலில், எந்தத் திசையை நோக்கி, எவ்வளவு உயரத்தில் அமர்த்தப்படுகின்றது என்பதைக் குறிக்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்பட்ட இரு வால்வுகளை இருவேறு நிலைகளில் பொருத்தினால், அவற்றின் ஊடாகக் குருதி பாயும் விதமும் வேறுபடும். ஓட்டம் மாறும்போது வால்வின்மீது குருதி உறையும் வாய்ப்பும் மாறுகின்றது. அவ்வாறு உருவாகும் கட்டி வால்வை அசையவிடாமல் இறுக்கிவிடலாம். அல்லது பிய்ந்து குருதியுடன் சென்று மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதத்தை ஏற்படுத்தலாம். இதனாலேயே இதய அறுவை மருத்துவத்தில் "எந்த வால்வு" என்னும் கேள்விக்கு இணையாக "எப்படிப் பொருத்துவது" என்னும் கேள்வியும் ஆராயப்பட்டு வருகின்றது.

இயல்பான வால்வுகளும் குருதியோட்டமும்

மனித இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. வலப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வும், கீழறையில் இருந்து நுரையீரலுக்குச் செல்லும் வாயிலில் நுரையீரல் தமனி வால்வும் அமைந்துள்ளன. இடப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இரண்டு இதழ்களைக் கொண்ட மிட்ரல் வால்வும், கீழறையில் இருந்து உடலுக்குக் குருதியை எடுத்துச் செல்லும் பெருந்தமனியின் வாயிலில் பெருந்தமனி வால்வும் உள்ளன. இவை குருதியை ஒரே திசையில் மட்டும் செல்லவிடுகின்றன. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒவ்வொரு வால்வும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை திறந்து மூடுகின்றது.

இயல்பான வால்வு திறந்திருக்கும்பொழுது அதன் இதழ்கள் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. நடுவில் தடை ஏதும் இருப்பதில்லை. பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களுக்கும் பின்னால், தமனிச் சுவரில் மூன்று சிறு புடைப்புகள் உள்ளன. இவை வல்சால்வா குழிகள் எனப்படும். குருதி வெளியேறும்பொழுது இக்குழிகளுக்குள் சிறு சுழல்கள் தோன்றுகின்றன. இச்சுழல்கள் இதழ்களை மெல்ல உள்நோக்கித் தள்ளி வால்வு மூடுவதற்கு உதவுகின்றன. அத்துடன், குழிக்குள் குருதி தேங்காதபடி அதனைக் கழுவிக்கொண்டும் இருக்கின்றன. லியொனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1513ஆம் ஆண்டிலேயே இச்சுழல்களை வரைந்து வைத்திருந்தார். கண்ணாடியால் பெருந்தமனியின் வடிவத்தைச் செய்து, அதில் புல் விதைகள் கலந்த நீரை ஓடவிட்டுப் பார்க்கும் முறையை அவர் குறிப்பிட்டுள்ளார். இன்றைய ஆய்வகங்களிலும் முறை ஏறக்குறைய அதுவே. விதைகளுக்குப் பதிலாக நுண்துகள்களும், கண்ணுக்குப் பதிலாக லேசர் ஒளியும் படப்பிடிப்புக் கருவியும் பயன்படுகின்றன.

இடது கீழறைக்குள்ளும் இத்தகைய ஒழுங்கு காணப்படுகின்றது. மிட்ரல் வால்வின் முன் இதழ் நீளமானது, பின் இதழ் குட்டையானது. இந்தச் சமச்சீரின்மையால் உள்ளே நுழையும் குருதி கீழறையின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி இறங்கி, இதயத்தின் கீழ் முனையில் திரும்பி, இடைச்சுவரை ஒட்டி மேலேறி, பெருந்தமனியின் வாயிலை நோக்கிச் செல்கின்றது. அறைக்குள் ஒரு பெரிய சுழல் உருவாகின்றது. ஓடிக்கொண்டிருக்கும் குருதி நின்று, மீண்டும் கிளம்ப வேண்டிய தேவை இல்லாமல், வளைந்து வெளியேற இது வழி செய்கின்றது.

குருதி ஏன் உறைகின்றது

19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் வழங்கும் முக்காரணக் கோட்பாடு, குழாய்களுக்குள் குருதி உறைவதற்கு மூன்று காரணிகளைக் கூறுகின்றது. அவை குருதியோட்டத்தில் மாற்றம், குருதி தொடும் பரப்பில் மாற்றம், குருதியின் சேர்மானத்தில் மாற்றம் என்பனவாகும். செயற்கை வால்வைப் பொறுத்தவரை இரண்டாவது காரணி எப்பொழுதும் இருக்கும். ஏனெனில் எவ்வளவு வழுவழுப்பான பொருளால் செய்தாலும் அது உடலுக்கு அயற்பொருளே. பொருத்துநிலையால் மாற்றக்கூடியது முதலாவது காரணி ஆகும்.

ஓட்டம் இரு வழிகளில் தீங்கு செய்கின்றது. முதலாவது தேக்கம். குருதி மெதுவாக நகரும் அல்லது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மூலைகளில், உறைதலைத் தூண்டும் புரதங்கள் அடித்துச் செல்லப்படாமல் சேர்ந்து, ஃபைபிரின் என்னும் இழைகளாகப் பின்னிக்கொள்கின்றன. இரண்டாவது, அளவுக்கு மீறிய இழுவிசை. வெவ்வேறு விரைவுகளில் ஓடும் பாய்ம அடுக்குகள் ஒன்றையொன்று உரசுவதால் தோன்றும் விசையைப் பாய்மவியலில் சறுக்குத் தகைவு என்பர். ஒடுங்கிய இடுக்கின் வழியாகக் குருதி பீறிடும்பொழுது இது மிகவும் உயர்கின்றது. குருதிச் சிறுதட்டுகள் இத்தகைவால் தூண்டப்பட்டு ஒட்டும் தன்மை பெறுகின்றன. இதில் தகைவின் அளவு மட்டுமன்றி, சிறுதட்டு அதற்கு உட்பட்டிருக்கும் நேரமும் கணக்கில் வரும். தகைவையும் நேரத்தையும் பெருக்கிவரும் தொகை ஏறத்தாழ 3.5 பாஸ்கல்-நொடியைத் தாண்டினால் சிறுதட்டுகள் தூண்டப்படும் என்பது ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் அளவுகோல் ஆகும். இன்னும் கூடுதலான தகைவில் சிவப்பணுக்களும் உடைகின்றன.

இவ்விரண்டும் அருகருகே நிகழ்வதே செயற்கை வால்வின் சிக்கல். இடுக்கில் பீறிட்டுத் தூண்டப்பட்ட சிறுதட்டு, அடுத்த கணமே இடுக்கின் பின்புறமுள்ள தேங்கிய சுழலுக்குள் சிக்குகின்றது. அங்கே ஒட்டிக்கொள்வதற்கு அதற்குப் போதிய நேரம் கிடைக்கின்றது.

இயங்குமுறை வால்வுகளின் வகைகள்

செயற்கை வால்வுகளில் உலோகம், கரிமம் முதலியவற்றால் ஆன இயங்குமுறை வால்வுகள், விலங்குத் திசுவால் ஆன உயிர்த்திசு வால்வுகள் என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. இயங்குமுறை வால்வுகள் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் உறைவெதிர் மருந்து தேவை. உயிர்த்திசு வால்வுகளில் உறையும் வாய்ப்பு குறைவு, ஆயுளும் குறைவு. திசையின் தாக்கம் பெரிதாகத் தெரிவது இயங்குமுறை வால்வுகளில் ஆகும்.

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார், லோவெல் எட்வர்ட்ஸ் இருவரும் உருவாக்கிய கூண்டுப்பந்து வால்வில், கூண்டுக்குள் ஒரு பந்து மேலும் கீழும் நகர்ந்தது. குருதி பந்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் வழிய வேண்டியிருந்தது. இவ்வால்வை எப்படிச் சுழற்றிப் பொருத்தினாலும் வேறுபாடு இல்லை. ஆனால் மிட்ரல் வாயிலில் கூண்டு கீழறைக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால், சிறிய இதயங்களில் அது வெளியேறும் வழியையே மறித்தது. 1969இல் வந்த பியோர்க்-ஷைலி வால்வு பந்துக்குப் பதிலாகச் சாயும் வட்டத்தட்டைக் கொண்டிருந்தது. தட்டு 60 பாகை வரை சாய்ந்து, ஒரு பக்கம் பெரிய திறப்பையும் மறுபக்கம் சிறிய திறப்பையும் ஏற்படுத்தியது. பெரிய திறப்பு எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்ற கேள்வி இதனுடன்தான் பிறந்தது. 1977இல் அறிமுகமான செயின்ட் ஜூட் வால்வில் இரண்டு அரைவட்ட மடல்கள் 85 பாகை வரை திறந்து, நடுவில் ஓர் ஒடுங்கிய திறப்பையும் இருபுறமும் இரு பெரிய திறப்புகளையும் தந்தன. இன்று உலகில் பொருத்தப்படும் இயங்குமுறை வால்வுகளுள் பெரும்பாலானவை இந்த இருமடல் வகையினவே.

இந்தியாவில், திருவனந்தபுரத்திலுள்ள சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ம. சு. வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு சாயும் தட்டு வகையைச் சேர்ந்தது. அது முதன்முதலில் 1990 திசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வுகளை விடக் குறைந்த விலையில் கிடைத்ததால் வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்ற பலருக்கு இது பயன்பட்டது. சாயும் தட்டு வால்வுகளின் திசை பற்றிய கேள்வி இந்திய அறுவை அரங்குகளில் ஏட்டளவில் நின்றுவிடாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எந்த வாயில்

பொருத்துநிலையின் முதற்கூறு வால்வு வைக்கப்படும் வாயில் ஆகும். முதன்முதலில் மனிதருக்குள் வைக்கப்பட்ட செயற்கை வால்வே இதற்கு நல்ல சான்று. 1952இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹஃப்நேகல், பெருந்தமனி வால்வு ஒழுகும் நோயாளி ஒருவருக்கு ஒரு பந்து வால்வைப் பொருத்தினார். இதய-நுரையீரல் இயந்திரம் அப்பொழுது வழக்கத்திற்கு வரவில்லை. எனவே இதயத்தைத் திறந்து உரிய இடத்தில் வைக்க இயலவில்லை. மார்பினூடே கீழிறங்கும் பெருந்தமனியில் அதனைச் செருகினார். உடலின் கீழ்ப்பாதியில் இருந்து திரும்பிய குருதியை அது தடுத்தது. தலைக்கும் கைகளுக்கும் சென்ற குருதியோ முன்போலவே இதயத்திற்குள் ஒழுகியது. வால்வில் குறையில்லை, இடம் சரியில்லை. 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய பின்னரே உரிய இடத்திற்குச் செல்ல வழி பிறந்தது.

இன்றும் ஒரே வகை வால்வு மிட்ரல் வாயிலில் உறையும் வாய்ப்பு, பெருந்தமனி வாயிலில் உறையும் வாய்ப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். பெருந்தமனி வால்வின் ஊடாகக் குருதி உயர் அழுத்தத்துடன், குறுகிய நேரத்தில் விரைந்து பாய்ந்து வால்வை ஒவ்வொரு துடிப்பிலும் கழுவிவிடுகின்றது. மிட்ரல் வால்வின் ஊடாகவோ மேலறையின் தாழ்ந்த அழுத்தத்தில் மெல்ல இறங்குகின்றது. மேலும், மிட்ரல் வால்வு பழுதுற்றவர்களின் இடது மேலறை பெரும்பாலும் விரிந்திருக்கும். பலருக்கு மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இத்தகைய அறையே தேக்கத்திற்கு இடமளிக்கின்றது. மறுபுறம், மிட்ரல் வால்வு மூடும்பொழுது கீழறையின் முழு அழுத்தமும் அதன்மேல் திடீரென விழுவதால், மடல்கள் அறைந்து மூடி, நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி வெடிப்பதும் உண்டு. தேக்கமும் அதிர்ச்சியும் ஒரே வாயிலில் சேர்ந்துவிடுகின்றன.

வலப்புறத்து மூவிதழ் வாயிலில் அழுத்தமும் விரைவும் இன்னும் குறைவு. அங்கு வைக்கப்படும் இயங்குமுறை வால்வுகளே மிகுதியாக உறைகின்றன. ஆகையால் அவ்விடத்தில் இயன்றவரை இயல்பான வால்வையே சீர்செய்வதும், இயலாதபோது பெரும்பாலும் உயிர்த்திசு வால்வை வைப்பதும் வழக்கம்.

எந்தத் திசை

வால்வின் தையல் வளையத்தை அறுவை மருத்துவர் இதயத் திசுவுடன் தைக்கும்பொழுது, அதனை வட்டமாகச் சுழற்றி எந்தக் கோணத்திலும் வைக்கலாம். தைத்த பின்னரும் உள்வளையத்தை மட்டும் சுழற்றத்தக்க வால்வுகள் உள்ளன. மெட்ரானிக் ஹால் என்னும் சாயும் தட்டு வால்வு அத்தகையது. செயின்ட் ஜூட் வால்விலும் பிற்காலத்தில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. சுழற்றும் வசதி முதலில் வேண்டப்பட்டதற்குக் காரணம் எளிமையானது: மடல் திறக்கும் வழியில் எஞ்சிய திசுவோ நூல் முனையோ குறுக்கிட்டால் சற்றுத் திருப்பி விடுவித்துக்கொள்ளலாம். குருதியோட்டம் பற்றிய ஆய்வுகள் இதற்கு மேலும் ஒரு காரணத்தைத் தந்தன.

பெருந்தமனி வாயிலில், இடது கீழறையின் அச்சும் பெருந்தமனியின் அச்சும் ஒரே கோட்டில் இல்லை. குருதி வளைந்து வெளியேறுவதால், குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் அது சம விரைவில் செல்வதில்லை; ஒரு பக்கச் சுவரை ஒட்டி விரைவாகவும் எதிர்ப்பக்கத்தில் மெதுவாகவும் செல்கின்றது. ஆற்று வளைவில் வெளிக்கரையோரம் நீர் விரைந்து ஓடுவதைப் போன்றது இது. சாயும் தட்டின் பெரிய திறப்பு, குருதி இயல்பாகவே மிகுதியாகச் செல்லும் பக்கத்தை நோக்கினால் ஓட்டம் தடையின்றி அமையும். எதிர்ப்பக்கத்தை நோக்கினால் தாரை திருப்பிவிடப்பட்டு, எதிர்ச்சுவரில் மோதி, கொந்தளிப்பாகச் சிதறும். 1990களின் பிற்பகுதியில் பன்றிகளில் வால்வுகளைப் பொருத்தி, அவற்றைப் படிப்படியாகச் சுழற்றி அளந்த ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. பெரிய திறப்பு, முடியுருத் தமனி கிளைக்காத இதழின் பக்கம், அதாவது பெருந்தமனியின் வலப் பின்சுவரை நோக்கியிருந்தபொழுது கொந்தளிப்பு மிகக் குறைவாக இருந்தது. இருமடல் வால்விலும் திசையின் விளைவு காணப்பட்டது. ஆயினும் அது சாயும் தட்டில் இருந்ததைவிடக் குறைவு. இருமடல் வால்வு திசைப்பிழையைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மிட்ரல் வாயிலில் செய்தி மேலும் சுவையானது. முன்னர்க் கூறிய பெரிய சுழல், இயல்பான இதழ்களின் சமச்சீரின்மையால் உருவாவது. சமச்சீரான இருமடல் வால்வை அவ்விடத்தில் வைக்கும்பொழுது தாரை பெரும்பாலும் இடைச்சுவரை நோக்கித் திரும்பிவிடுகின்றது. குருதி இடைச்சுவரை ஒட்டி இறங்கி, வெளிச்சுவரை ஒட்டி மேலேறுகின்றது. அதாவது சுழலின் திசையே தலைகீழாகின்றது. வெளியேறும் நேரம் வரும்பொழுது, தவறான பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் குருதி திரும்பி, உள்வரும் பாதையைக் குறுக்கே கடந்து பெருந்தமனிக்குச் செல்ல வேண்டியுள்ளது. 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இந்தச் சுழல் திருப்பத்தைக் கணினிக் கணிப்பாலும் மீயொலிப் படங்களாலும் விளக்கினர். இதனால் ஒவ்வொரு துடிப்பிலும் ஆற்றல் வீணாகின்றது. கீழறையின் முனைப்பகுதியில் குருதி கழுவப்படும் விதமும் மாறுகின்றது. நலமான இதயம் இந்தச் சிறு இழப்பைத் தாங்கிக்கொள்ளும். முன்னரே தளர்ந்த இதயத்திற்கு இது கூடுதல் சுமை.

இருமடல் வால்வை மிட்ரல் வாயிலில் வைக்க இரு வழிகள் உள்ளன. மடல்கள் இயல்பான இதழ்களைப் போல முன்னும் பின்னுமாக அமைவது ஒன்று. அதற்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் அமைவது மற்றொன்று. இயல்பைப் பின்பற்றும் முதல் வழியே சிறந்தது என்று தோன்றக்கூடும். நடைமுறையில் இரண்டாவதையே பலர் விரும்புகின்றனர். முதல் வழியில் பின்பக்க மடல் கீழறையின் பின்சுவரையும், அறுவையில் விட்டுவைக்கப்பட்ட இதழ் நாண்களையும் ஒட்டி இயங்க வேண்டியுள்ளதால் அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. முழுமையாகத் திறக்காத மடலின் பின்னால் குருதி தேங்கும். கட்டி தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான்.

உயரமும் அளவும்

வால்வை வாயில் வளையத்தின் உட்புறத்தில் பொருத்தலாம், அல்லது வளையத்தின்மேல் அமருமாறு பொருத்தலாம். உட்புறத்தில் பொருத்தினால் தையல் வளையத்தின் தடிமன் திறப்பின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மேலே அமர்த்தினால் அதே வாயிலுக்குச் சற்றுப் பெரிய வால்வை வைக்க முடியும். இந்தச் சில மில்லிமீட்டர் வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம்.

வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டை, தாரையின் விரைவை இருமடியாக்கி 4ஆல் பெருக்கித் தோராயமாகக் கணிப்பர். விரைவு நொடிக்கு மீட்டரிலும், விடை மில்லிமீட்டர் பாதரசத்திலும் வரும். நொடிக்கு 2 மீட்டர் எனில் 16; 3 மீட்டர் எனில் 36. இப்பொழுது 25 மி.மீ. விட்டமுள்ள திறப்புக்குப் பதிலாக 21 மி.மீ. திறப்பு இருப்பதாகக் கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகின்றது. அதே அளவு குருதி செல்ல வேண்டுமாயின் விரைவு 1.4 மடங்காகும், அழுத்த வேறுபாடு 2 மடங்காகும். விட்டத்தில் 4 மி.மீ. குறைந்ததற்கு இதயம் கொடுக்கும் விலை இது.

உடலின் தேவைக்கு வால்வு சிறியதாக அமைவதை நோயாளி-வால்வுப் பொருந்தாமை என்பர். இக்கருத்தை 1978இல் ஷாபுதீன் ரஹிம்துலா முன்வைத்தார். பெருந்தமனி வாயிலில், வால்வின் பயனுறு திறப்புப் பரப்பை உடற்பரப்பால் வகுக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 0.85 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ் வந்தால் பொருந்தாமை உள்ளது எனவும், 0.65க்குக் கீழ் எனில் கடுமையானது எனவும் பொதுவாகக் கொள்வர். வால்வின் அட்டையில் அச்சிட்டுள்ள அளவு உண்மையான திறப்பின் அளவு அன்று என்பதையும், ஒரே எண்ணுள்ள இரு நிறுவன வால்வுகளின் திறப்புகள் வேறுபடும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கீல் இடுக்குகள்

இருமடல் வால்வில் மடல்கள் அசையும் கீல்கள் மிகச் சிறிய குழிகளுக்குள் அமைந்துள்ளன. வால்வு மூடியிருக்கும்பொழுது இவ்விடுக்குகளின் வழியே சிறிதளவு குருதி பின்னோக்கி ஒழுகுமாறு வேண்டுமென்றே வடிவமைக்கப்படுகின்றது. ஒழுக்கு என்றாலே குறை என்று எண்ணத் தோன்றும்; இங்கு அது குழியைக் கழுவும் பணியைச் செய்கின்றது. ஒழுக்கு கூடினால் சிறுதட்டுகள் சிதைகின்றன, குறைந்தால் குழி அடைகின்றது. 1990களில் மெட்ரானிக் பேரலல் என்னும் இருமடல் வால்வு ஐரோப்பாவில் நோயாளிகளில் சோதிக்கப்பட்டபொழுது அதன் கீல்களில் கட்டிகள் உருவாயின, சோதனை கைவிடப்பட்டது. கீல் குழியின் கூர்மையான வளைவுகளில் ஓட்டம் பிரிந்து சுழன்றதே காரணம் எனப் பின்னர் ஒளிபுகு மாதிரிகளில் கண்டறிந்தனர். ஒட்டுமொத்த ஓட்டம் நன்றாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டர் இடுக்கு வால்வைக் கெடுத்துவிட முடியும்.

வடிகுழாய் வழிப் பொருத்தும் வால்வுகள்

2002 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரில் அலென் கிரிபியே, மார்பைத் திறக்காமல் குருதிக்குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வை முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். இம்முறையில் பழைய வால்வு வெட்டி நீக்கப்படுவதில்லை. கம்பிச் சட்டகத்துக்குள் தைக்கப்பட்ட புதிய வால்வு, பழைய இதழ்களைச் சுவரோடு நெருக்கி விரிகின்றது. தையல் இல்லாததால் உயரம் முழுவதும் மருத்துவரின் கணிப்பைச் சார்ந்துள்ளது. மிகத் தாழ்வாக விரிந்தால், அருகே செல்லும் இதய மின்கடத்து நார்கள் நசுங்கி, செயற்கை இதயமுடுக்கி தேவைப்படலாம். மிக உயரமாக விரிந்தால் முடியுருத் தமனியின் வாய் மறைக்கப்படலாம், அல்லது வால்வே நழுவலாம்.

உறைதலைப் பொறுத்தவரை இங்கு ஒரு புதிய சிக்கல் தோன்றியது. புதிய இதழ்களுக்கும், நெருக்கப்பட்ட பழைய இதழ்களுக்கும் இடையே ஒரு குறுகிய பை உருவாகின்றது. இயல்பான வல்சால்வா குழிக்குள் சுழல் நன்கு கழுவும். இந்தப் பைக்குள் அது எட்டுவதில்லை. 2015இல் ராஜ் மக்கரும் உடன் ஆய்வாளர்களும், வெளிப்படையான நோய்க்குறி எதுவும் இல்லாத நோயாளிகளிலும் புதிய இதழ்களின்மேல் மெல்லிய உறைவு படிந்து அவற்றின் அசைவைக் குறைத்திருப்பதைக் கணினி ஊடுகதிர்ப் படங்களில் கண்டனர். உறைவெதிர் மருந்து பெற்றவர்களில் இது குறைவாக இருந்தது. வால்வைச் சற்று உயர்த்திப் பொருத்தும்பொழுது பைக்குள் தேக்கம் குறைவதை ஆய்வக மாதிரிகள் காட்டியுள்ளன. ஆனால் உயர்த்தினால் முடியுருத் தமனிக்கு இடர். எனவே ஒவ்வொரு நோயாளியின் பெருந்தமனி வேரையும் முன்கூட்டியே படமெடுத்து அளந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். புதிய இதழ்கள் சேரும் முனைகளைப் பழைய வால்வின் முனைகளோடு நேர்ப்படுத்தும் வழக்கமும் 2020க்குப் பின் பரவி வருகின்றது. பின்னாளில் முடியுருத் தமனியை அணுக வேண்டி வந்தால் வழி அடைபடாதிருக்க இது உதவும்.

கண்டறிதல்

இயங்குமுறை வால்வு மூடும்பொழுது "டிக்" என்ற ஒலி கேட்கும். நோயாளிகளும், அமைதியான இரவில் அருகில் உறங்குபவரும் இதைக் கேட்பதுண்டு. இவ்வொலி மங்கினாலோ நின்றாலோ வால்வில் உறைவு ஏற்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீயொலிப் பரிசோதனை தாரையின் விரைவைக் காட்டும். முன்பிருந்ததைவிட விரைவு கூடியிருந்தால் திறப்பு ஒடுங்கியுள்ளது என்று பொருள். ஊடுகதிர்த் திரையில் மடல்களின் திறப்புக் கோணத்தை நேரடியாகப் பார்க்கலாம். செயின்ட் ஜூட் வால்வின் மடல்களில் தங்குதன் சேர்க்கப்பட்டிருப்பது திரையில் அவை தெரிவதற்காகவே. உறைவு சில நாட்களில் முற்றக்கூடியது. வால்வைச் சுற்றித் திசு வளர்ந்து மூடுவதோ பல மாதங்கள், ஆண்டுகள் எடுக்கும். இவ்வளர்ச்சி ஓட்டத்தைக் கெடுத்து உறைவுக்கும் அடிகோலுவதால் இரண்டும் சேர்ந்தே காணப்படுவதும் உண்டு.

உறைவெதிர் மருந்தும் பொருத்துநிலையும்

பொருத்துநிலை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் இயங்குமுறை வால்வு உள்ளவர் மருந்தை நிறுத்த முடியாது. 1994இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உறைவெதிர் மருந்து இல்லாத நிலையில் 100 நோயாளிகளில் ஆண்டுக்கு 4 பேருக்குப் பெரிய அளவிலான குழாயடைப்பு நேர்ந்தது. வார்ஃபரின் வகை மருந்துகள் உட்கொண்டவர்களில் அது 1 ஆகக் குறைந்தது. வார்ஃபரினின் அளவை ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனையால் சரிபார்ப்பர். மருந்து இல்லாத நலமானவருக்கு இது ஏறத்தாழ 1 இருக்கும். வேறு இடர்கள் இல்லாத ஒருவருக்குப் பெருந்தமனி வாயிலில் இருமடல் வால்வு இருந்தால் இலக்கு 2.5, அதே வால்வு மிட்ரல் வாயிலில் இருந்தால் 3. முன்னர் விளக்கிய ஓட்ட வேறுபாடு இவ்வாறு நோயாளியின் மருந்துச் சீட்டு வரை வந்து சேர்கின்றது. ஆன்-எக்ஸ் என்னும் இருமடல் வால்வுக்கு 2015இல் அமெரிக்காவில் 1.5 முதல் 2 வரை என்னும் தாழ்ந்த இலக்கு ஏற்கப்பட்டபொழுது, அதுவும் பெருந்தமனி வாயிலுக்கு மட்டுமே, ஆஸ்பிரினுடன் சேர்த்து, முதல் மூன்று மாதங்களுக்குப் பின்னர் என்ற வரையறையுடன் வந்தது.

அடிக்கடி குருதிப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளால் வார்ஃபரினை மாற்றும் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. 2013இல் முடிவு வெளியான ஆய்வில் டபிகாட்ரான் உட்கொண்டவர்களுக்கு உறைவும் குருதிப்பெருக்கும் கூடுதலாக ஏற்பட்டன. 2022இல், ஆன்-எக்ஸ் பெருந்தமனி வால்வு உள்ளவர்களில் அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் உறைவுகள் மிகுந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது.

இளம்பெண்களின் நிலை தனிக் கவனத்திற்குரியது. வாதக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு பழுதடைவது இந்தியாவில் இன்னும் காணப்படும் நோய். வால்வு மாற்றப்படுபவர்களில் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் பலர். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்வதால் கருவின் தொடக்க மாதங்களில் ஊனத்தை ஏற்படுத்தக்கூடும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராமும் அதற்குக் குறைவும் போதுமானவர்களில் இந்த இடர் குறைவு. ஹெப்பாரின் கருவை அடைவதில்லை, ஆனால் அதன்கீழ்த் தாயின் வால்வு உறையும் வாய்ப்பு கூடுதல். எனவே மருந்தைத் தாமாக நிறுத்துவதும் மாற்றுவதும் தாய்க்கு உயிராபத்தாக முடியலாம். கருத்தரிப்பதற்கு முன்னரே இதய மருத்துவரிடம் கலந்து, எந்த மாதத்தில் எந்த மருந்து என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மிட்ரல் வாயிலில் பழைய சாயும் தட்டு வால்வு உள்ளவர்கள் அந்தச் சந்திப்பின்போது வால்வின் வகை, அளவு, பொருத்திய ஆண்டு ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.